முப்பத்து நாலு அங்குலப் பெட்டி

பன்னிரண்டு வயதுவரை தன் அளவுக்கு ஓர் உடைகூடப் போட்டதில்லை என்று என் மகள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறாள். இது அபாண்டம். நான் தைத்த எல்லா உடையும் ஒருநாள் அவள் அளவுக்கு வந்தே தீர்ந்தது. அவள்தான் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

நான் தையல்காரன். நாற்பது வருஷமாகக் கத்திரி பிடிக்கிறேன். வளர்கிற பிள்ளைக்கு இரண்டு அங்குலம் விட்டுத் தைக்காதவனுக்குக் கத்திரி எதற்கு? உள்ளே மடித்து விடுவது வேறு, அது தையலுக்கு. நான் சொல்வது வெளியே தாராளமாக இரண்டு அங்குலம். பள்ளிக்கூடப் போட்டோவில் மற்றப் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என் மகள் மட்டும் சீருடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறாள். அதை ஒப்புக்கொள்கிறேன். உடை அளவுக்கு வந்த வருஷம் சாயம் போய்விட்டது என்பது அவள் கட்சி. சாயத்துக்கு நான் என்ன செய்வேன்?

கல்யாணமாகிப் போனபின் அவள் என்னிடம் ஒரு துணிகூடத் தைக்கக் கொடுத்ததில்லை. பேத்திக்கும் எல்லாம் கடைச் சரக்குதான். வெளியே சொல்வதில்லையே தவிர, இது எனக்குப் பெரிய வேதனை.

பேத்திக்கு நாலு வயது ஆகப்போகிறது. பெயர் இருக்கிறது, ஆனால் எனக்கு அவள் பொத்தான். உருண்டையாக இருப்பாள், கைநழுவினால் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும். அவளுடைய பொம்மைகள் வீட்டில் கால்வைக்க இடமில்லாமல் கிடந்தன. போன மாதம் மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் யானையை மிதித்து மூன்று நாள் நொண்டினார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவிலுள்ள இடத்தில் வைக்க ஒரு பொம்மைப் பெட்டி வாங்கப்போவதாக மகள் போனில் சொன்னாள். நான் யோசிக்காமல் வாயை விட்டேன், நானே செய்து தருகிறேன் என்று.

"மரத்துலயாப்பா?"

"பின்ன, துணியிலயா?"

பிறகு டேப் எடுத்துக்கொண்டு வந்து அளந்து சொன்னாள். ஆழம் பதினெட்டு, உயரம் இருபது என்று கடகடவென்று சொன்னவள் அகலத்துக்கு வந்ததும் நின்றாள். நின்று நிதானித்து, முப்பத்து நாலு என்றாள்.

"அளவுக்குச் செய்ங்கப்பா. கட்டிலும் நகராது, அலமாரியும் நகராது. உள்ள போகலைன்னா நான் கடையிலயே வாங்கிக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. சரி, முப்பத்து நாலு என்றால் முப்பத்து நாலு. இவளிடம் அளவுக்கு ஒன்று செய்து நீட்டாவிட்டால் இனிமேல் ஜென்மத்துக்கும் என் கைக்குத் துணி வராது என்று தெரிந்துபோயிற்று. பொத்தானின் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது.

எதையும் ட்ரையல் பார்க்காமல் நான் கொடுத்ததில்லை. அதனால் முதலில் பழைய போர்வையில் ஒரு பெட்டி தைத்தேன். நிற்கவில்லை. நான்கு மூலைகளையும் நான்கு நாற்காலியில் கட்டி நிற்கவைத்து, சுற்றிச் சுற்றி வந்து குண்டூசி குத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்.

மரக்கடைக்காரர் பழைய வாடிக்கையாளர். அவர் சட்டையெல்லாம் நான் தைத்தவை. தொப்பை வரும் என்று முன்கூட்டியே இரண்டு அங்குலம் விட்டிருந்தேன். தொப்பையும் என்னை ஏமாற்றவில்லை. அவர் கடையில் பலகையைப் பரப்பித் தையல் சாக்கட்டியால் கோடு போட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"எதுக்கு மாஸ்டர் ரெண்டு ரெண்டு கோடு?"

"உள்கோடு தைக்க. வெளிக்கோடு வெட்ட."

"பலகைய யாரு தைக்கப்போறா?"

அழித்தேன். திரும்பப் போட்டபோதும் இரண்டு கோடு வந்தது. கை அதுபாட்டுக்குப் போடுகிறது, நான் என்ன செய்ய? நாலாவது தடவை அவர் சாக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டு தன் காதிலிருந்த பென்சிலைக் கொடுத்தார். முன்பலகையும் பின்பலகையும் முப்பத்து நாலு இருக்கட்டும், பக்கப் பலகைகள் அவற்றுக்கு நடுவில் அடங்கட்டும், வெளியே வைத்து அடித்தால் அவற்றின் தடிமனும் அகலத்தோடு சேர்ந்துகொள்ளும் என்று எச்சரித்து அனுப்பினார். துணியில் இந்தத் தொல்லையே கிடையாது.

வீட்டில் ரம்பத்தை எடுத்தபோதுதான் உண்மையான சோதனை. ரம்பம் கோட்டைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப்போய் உட்காரும். இன்றைக்கு வாத்துப் பொம்மை, நாளைக்கு மூன்று சக்கர வண்டி, சாமான் பெருகத்தானே செய்யும் என்று மனசு நியாயம் பேசும். கடைசியில் அந்தப் பள்ளிக்கூடப் போட்டோவை எடுத்து எதிரே சுவரில் குத்திவைத்தேன். சீருடைக்குள்ளிருந்து மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரம்பத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்து கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். கண்ணை மூடியிருக்கக் கூடாதுதான். ஒரு பலகை வீணானது. இன்னொன்று வாங்கி வந்து கண்ணைத் திறந்துகொண்டு அறுத்தேன்.

ஆணி அடித்து முடித்துப் பதினோரு தடவை அளந்தேன். முப்பத்து நாலு. ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. மூடி விழுந்து பிள்ளையின் விரல் நசுங்காமலிருக்க விளிம்பில் பஞ்சு வைத்துத் தைத்தேன். ஒட்டினேன் என்று சொல்ல வேண்டும். உள்ளே மஞ்சள் துணியில் லைனிங் கொடுத்து, பொம்மைச் செருப்புகள் போட இரண்டு பாக்கெட்டும் வைத்தேன். பாக்கெட் வைத்த பெட்டி உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது.

பிறந்தநாளன்று நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். மகள் வாசலிலேயே பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இடத்தைக் காட்டினாள். மெல்லத் தள்ளினேன்.

பெட்டி சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. எங்கேயும் உரசவில்லை. உரசாததுதான் எனக்கு உறுத்தியது. நன்றாகப் பார்த்தால் இந்தப் பக்கம் ஓர் அங்குலம், அந்தப் பக்கம் ஓர் அங்குலம் இடைவெளி. கழுத்தில் கிடந்த டேப்பை உருவி இடத்தை அளந்தேன். முப்பத்தாறு. பெட்டியை அளந்தேன். முப்பத்து நாலு. மகள் பக்கம் திரும்பினேன்.

"நீ எத்தனைன்னு சொன்ன?"

"முப்பத்து நாலு." அவள் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான்ப்பா ரெண்டு கழிச்சுச் சொன்னேன். நீங்க எப்படியும் ரெண்டு விடுவீங்கல்ல?"

மாப்பிள்ளை திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவர்போல் பால்கனிக்குப் போய்விட்டார். மகள் என்னை இவ்வளவுதான் நம்புகிறாளா என்று கோபப்படுவதா, என் கையை இவ்வளவு துல்லியமாக அளந்துவைத்திருக்கிறாளே என்று பெருமைப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை.

"நான் விடலம்மா. இந்த ஒரு தடவைதான் விடல. உனக்காக."

அவள் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் கண்ணைத் துடைத்தாள். இதற்குள் பொத்தான் பெட்டியை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்னொரு ஓரத்துச் சந்தில் அந்தப் பிளாஸ்டிக் யானையை நிறுத்தி, அது யானை வீடு என்று அறிவித்தாள். பெட்டியின் பாக்கெட்டுகளை ஒருவரும் கவனிக்கவில்லை.

பெட்டியைக் கொடு, தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொண்டுவருகிறேன் என்று பழக்கதோஷத்தில் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பிரித்துவிட வேண்டுமென்றால் உள்ளே மடித்து விட்டிருக்க வேண்டுமே. நாற்பது வருஷத்தில் விடாமல் செய்த ஒரே சாமான் இது.

"இருக்கட்டும்ப்பா," என்றாள் மகள். "வளர்ற பெட்டிதானே."

பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து, வெள்ளைப் பூப்போட்ட ஒரு நீலத் துணியை எடுத்து என் மடியில் வைத்தாள். பொத்தானுக்கு ஒரு கவுன் தைக்க வேண்டுமாம். நான் துணியைத் தடவிப் பார்த்தேன். நல்ல துணி, சாயம் போகாத ரகம். அளவு என்ன என்று கேட்டேன். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பொத்தானைப் பெட்டிமேல் ஏற்றி நிற்கவைத்து அளந்தேன். நீளம் இருபத்திரண்டு. எழுதப் போனவன் நிறுத்திக்கொண்டு மகளைப் பார்த்தேன்.

"எவ்வளவு விடட்டும்?"

இந்த வாயால் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்ணு."

இப்போது தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை விட்டிருக்கிறேன். அரை கழித்துத்தான் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியாதா?