பீடிச் சூடு

நேசமலருக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. மலேரியாவாக இருக்கும் என்று குளோரோகுயின் கொடுத்தாயிற்று. இரத்தத்தை மறுபடி சோதித்தும் மலேரியா அகப்படவில்லை. காலையிலிருந்து ஆள் தெரியாமல் பிதற்றிக்கொண்டு கிடக்கிறாள். செட்டிகுளத்துக்கு அப்பால் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டொக்டர் பரமலிங்கத்துக்கு இனி என்ன செய்வதென்று விளங்கவில்லை. அவரே இரண்டு இரவாகத் தூங்கவில்லை.

ஈரத்துணியால் உடம்பு துடைத்த தாதி சிவலட்சுமி, இடது மார்பின் கீழே அதைக் கண்டாள். வட்டமாக, கறுத்துக் காய்ந்த ஒரு புண். சுற்றிவரச் சிவப்பு.

நேரே விறாந்தைக்கு வந்தாள். புருஷன் வீரையா சுவரில் சாய்ந்திருந்தான். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவன்.

"பீடி குடிக்கிறனீரோ?"

"ஆமாங்க மிஸி."

"அதை அணைக்க உமக்குப் பெண்சாதியின்ர உடம்புதான் கிடைச்சதோ?"

வீரையா தன் விரல்களைப் பார்த்தான்.

"சுட்டிருப்பேன் மிஸி. கசிப்புச் சாராயம் உள்ள போனா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"பொலிசுக்குச் சொல்லவேணும்."

"சொல்லுங்க. அவ பொழைக்கட்டும் மொதல்ல."

உள்ளேயிருந்து டொக்டர் கேட்டார். "என்ன சூடு, மிஸி? எங்க?"

சிவலட்சுமி காட்டினாள். டொக்டர் புண்ணை அழுத்தினார். ஊசி போட்டபோது கையை உதறியவள் இப்போது அசையவில்லை. கக்கத்துக்குள் தடவினார். நெறி கட்டியிருந்தது.

"வீரையா, இவா பற்றைக் காட்டுக்குள்ள இறங்கி வேலை செய்யிறவாவோ?"

"ரெண்டு பேருந்தாங்க. வெட்டுறது நான், இழுத்துப் போடுறது அவ."

"இது சூடில்லை. சுட்ட இடமெண்டா தொட விடமாட்டா. பற்றைக்குள்ள பூச்சி ஒண்டு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, கடிக்கிறதும் தெரியாது, கடிச்ச இடம் பிறகு இப்பிடிக் கறுத்துக் காயும். உண்ணிக் காய்ச்சல் இது. மிஸி, ரெட்ராசைக்கிளின் எடுங்கோ." கதிரையில் பொத்தென்று இருந்தார். "வந்த அண்டைக்கே கேட்டனான், உடம்பில காயம் கீயம் இருக்கோவெண்டு."

"இல்லையெண்டு அடிச்சுச் சொன்னவா, டொக்டர்."

அன்று மாலை வரை பிழைப்பாளா என்று தெரியவில்லை. மறுநாள் காய்ச்சல் தணிந்தது. அதற்கடுத்த நாள் கண் திறந்து கஞ்சித்தண்ணி கேட்டாள்.

"ஏன் பிள்ளை புண்ணை ஒளிச்சனீர்? செத்திருப்பீரே" என்றார் டொக்டர்.

நேசமலர் புருஷனைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"தூங்கி எந்திரிச்சப்ப இருந்துச்சுங்க. சொன்னா இவரைப் புடிச்சிட்டுப் போயிருவாங்களே ஐயா."

"அவர் சுடயில்லை. பூச்சிக்கடி."

"அவரும் ஓமெண்டுதான் சொன்னவர்" என்று முணுமுணுத்துக்கொண்டே சிவலட்சுமி அடுத்த கட்டிலுக்குப் போனாள். டொக்டரும் நகர்ந்தார்.

வீரையா கஞ்சித்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"செய்யாததை ஏங்க செஞ்சேன்னு சொன்னீங்க?"

ஆற்றுவது நின்றது.

"செஞ்சிருக்க மாட்டேன்னு எனக்கே தெரியலையே, மலரு."

"எனக்கும் தெரியலை" என்றாள் அவள். கோபம் குரலில் இல்லை. அதற்கு உடம்பில் தெம்பும் இல்லை. கையை நீட்டினாள்.

"ஆறுனது போதும். குடுங்க."