சாம்பல் நிறக் கப்பலின் எதிரே

"அப்ப சனிக்கிழமை பிள்ளை போகாது," என்றாள் நிறோஷினி. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாளேயன்றிக் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெசிந்தன் சப்பாத்தையும் கழற்றாமல் குசினி வாசலில் நின்றான். விசைப்படகு ஓட்டுவதற்கான சான்றிதழ்த் தேர்வில் எழுத்துப் பகுதியைக் குறையின்றி முடித்தவன், அன்று பிற்பகல் செய்முறைப் பகுதியில் தவறிவிட்டு வந்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை திரும்ப ஒருக்கா வரச் சொல்லியிருக்கினம்."

"எட்டு வயசில எஞ்சின் பிடிச்சனான், பேசாலையில என்னை வெல்ல ஆளில்லை எண்டு எஸ்பியர்க் முழுக்கக் கதைச்சுத் திரிஞ்சீங்கள். கடைசியில ஒரு டெனிஸ்காரி உங்களைப் படகால இறக்கி விட்டிட்டாள்."

நடையில் தன் பயணப் பையின்மேல் அமர்ந்திருந்த மகள் எமிலியா, "நை! நான் போவன்," என்றாள். அந்தப் பதினொரு வயதுக்காரிக்கு மறுப்பென்றால் டேனிஷ்தான் முதலில் வரும்.

டேனிஷ் துறைமுக நகரான எஸ்பியர்க்கின் சிறுவர் பாய்மரப் படகுக் கழகத்தில் அது அவளுக்கு இரண்டாம் கோடை. சனிக்கிழமை காலை பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு பாய்ப்படகில், எதிரே தெரியும் ஃபானோ தீவுக்குக் கடந்து சென்று அங்கே கூடாரமடித்துத் தங்குவதாக ஏற்பாடு. பெற்றோர் சிலர் விசைப்படகுகளில் பக்கத்திலேயே காவலாக ஓடி, அவர்களோடே தங்குவர். சான்றிதழ் இல்லாதவர் அந்தச் சுக்கானைத் தொடலாகாது என்பது கழகத்தின் விதி. நிறோஷினியின் தமையன் ஒரு நாள் கடற்றொழிலுக்குப் போனவன், போனவன்தான். ஆகையால் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: தகப்பன் பக்கத்தில் ஓடினால் மகள் போகலாம், இல்லையேல் இல்லை.

"அப்படி என்னத்தை அப்பா பிழையா செய்தனீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"கப்பலொண்டு எதிர வர, வலப்பக்கம் போகவேண்டிய இடத்தில இடப்பக்கம் போயிட்டன், பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னான். நடந்ததோ அதனினும் பெரிது.

தேர்வாளர் கிர்ஸ்டன், நெடுங்காலம் பயணிகள் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. காப்பிக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜெசிந்தன் படகை நங்கூரமிட்டான். முடிச்சுகளைப் பாராமலே போட்டான். மனிதன் விழுந்ததாகப் பாவித்து எறியப்பட்ட பந்தைக் காற்றுக்கெதிரே அணுகி, எஞ்சினை நிறுத்திக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பொழுதுதான் கப்பற்பாதையின் வளைவில், நேர் எதிரே, சாம்பல் நிறத்துக் கப்பலொன்று தோன்றிற்று.

போர்க்காலத்தில், அவன் பிறந்த பேசாலைக் கடலில் அந்த நிறத்திற்கு ஒரே பொருள்தான் இருந்தது: சுடுகின்ற கடற்படை. கண்டால் ஆராயக்கூடாது. ஆழமில்லாத பக்கம் திருப்பு, முழு வேகம் கொடு, குனி. தகப்பன் அவனுக்கு இறைவேண்டுதல்களைக் கற்பித்த அதே வயதில் இதையும் கற்பித்திருந்தார். எழுத்துத் தேர்வில் அவன் மனம் எழுதிய விடைகளுள் ஒன்றேனும் அவன் கைக்கு எட்டவில்லை. இடப்பக்கம் அலை வெளுத்துக் கிடந்த நீரடியில் மேடிட்ட மணல் தீடை ஒன்று கண்ணிற் பட்டது. கப்பலின் மூக்குக்குக் குறுக்கே பாய்ந்து, பாதையின் எல்லை காட்டும் பச்சை மிதவையைத் தாண்டி, "குனியுங்கோ!" என்று தமிழில் கத்தியபடி கிர்ஸ்டனின் தோளைப் பிடித்துக் கீழே அமுக்கினான். கப்பல் ஊதிற்று. படகின் அடிவயிறு மணலில் உரசி நின்றது.

சாம்பல் நிறக் கப்பல் நீரைப் பிளந்துகொண்டு அமைதியாகக் கடந்து போயிற்று. டேனிஷ் கடற்படையின் தொண்டர் பிரிவினர் அவர்கள். மற்ற வேளைகளில் ஆசிரியர்களும் தச்சர்களும். மேற்றளத்தில் ஒருவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும்," என்றார் கிர்ஸ்டன், மடியில் கொட்டிய காப்பியைத் துடைத்தவாறு. "உங்களுக்கு அது தெரியும்."

"தெரியும்."

"பிறகு ஏன்?"

அவன் காப்பிக்காக மன்னிப்புக் கேட்டான்.

அதன்பின் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மீன் தொழிற்சாலையில் ஓடும் பட்டியின் முன் நின்றபோது வலது கை தானாகவே இல்லாத சுக்கானைத் திருப்பிப் பார்த்தது. வேலை விட்டதும் சைக்கிளைத் துறைமுகத்தின் பக்கம் மிதித்தான். அந்தக் கப்பல் அங்கே கட்டிக் கிடந்தது. அருகே போனான், திரும்பினான், மறுபடி போனான். கம்பிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த ஒருவர், "ஏறிப் பார்க்கிறீர்களா?" என்று சிரித்தபடி கேட்டார். ஜெசிந்தன் தலையசைத்து மறுத்துவிட்டு, வந்த வேகத்தினும் இரட்டிப்பு வேகத்தில் வீடு வந்து சேர்ந்தான்.

அன்றிரவுச் சாப்பாட்டு மேசையில் எமிலியா தேர்வாளரானாள். "உப்புக் குப்பி அப்பா. மிளகுக் குப்பி கப்பல். வருது, வருது..."

அவன் உப்பை வலப்பக்கம் ஒதுக்கினான்.

"சரியாத்தானே செய்யிறீங்கள்!"

"மேசையில தண்ணி இல்லையே, பிள்ளை."

நிறோஷினி ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தாள்; பின் குழம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மடு மாதாவின் படத்தின் முன் மங்கள வார்த்தைச் செபத்தைத் தொடங்கினான். உதடு சொல்லிற்று, உள்ளமோ அலையிலகப்பட்ட தக்கையாய் ஏறியிறங்கி, பாதியில் எங்கோ விலகிப்போய், மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

"இன்றைக்கு மூடியை இறுக்கியிருக்கிறேன்," என்று காப்பிக் குடுவையைக் காட்டியவாறே கிர்ஸ்டன் படகில் ஏறினார்.

எல்லாம் மறுபடியும் நடந்தன. எல்லாம் நன்றாகவே நடந்தன. கப்பற்பாதை வெறுமையாய்க் கிடந்தது. இறுதியில் அவர் பென்சிலை நெஞ்சுப் பையில் செருகினார். "முடிந்தது. தேறிவிட்டீர்கள். கரைக்குப் போகலாம்."

ஜெசிந்தன் சுக்கானைத் திருப்பவில்லை.

"கப்பல் வரவில்லை," என்றான்.

"அது உங்கள் அதிர்ஷ்டம்."

"நாளைக்கு என் மகள் பக்கத்தில் இருப்பாள். மற்றப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தக் கப்பல் எதிரே வந்தால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது." டேனிஷ்ச் சொற்கள் அவனுக்கு ஒவ்வொன்றாகவே வந்தன. "எங்கள் கடலில் அந்த நிறத்தைக் கண்டால் ஓட வேண்டும். ஓடாதவர்கள் வீட்டுக்கு வரவில்லை."

கிர்ஸ்டன் அவன் பக்கம் திரும்பினார். "அன்று என்னைக் கீழே அமுக்கியது அதற்காகவா?"

"ஓம்," என்று தமிழிலேயே வந்துவிட்டது.

"மறுபடி அப்படிச் செய்தால் சான்றிதழ் தரமாட்டேன்."

"தர வேண்டாம்."

அவர் குடுவையின் மூடியைத் திறந்தார். "அந்தக் கப்பல் வெளிக்கடலுக்குப் போயிருக்கிறது. இந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்."

காத்திருந்தார்கள். வற்றும் நீர் படகை மெல்ல மெல்ல மேற்கே இழுத்தது. அவன் மீட்டு மீட்டுப் பழைய இடத்திற்கே கொண்டுவந்தான். உட்கார்ந்தான், எழுந்தான். கழுத்துச் சங்கிலியிலிருந்த பதக்கத்தைத் தொட்டான், விட்டான். இரண்டு முறை போய்விடலாம் என்று வாயெடுத்தான். இரண்டு முறையும் விழுங்கினான்.

வந்தது.

முதலில் புள்ளி, பிறகு சுவர். இடப்பக்கத்தில் அதே தீடை அதே வெண்மையோடு அழைத்தது. இடது கை சுக்கானை அந்தப் பக்கமே இழுத்தது. அதன்மேல் வலது கையை வைத்து அழுத்தினான். "வலப்பக்கம்," என்று வாய்விட்டுச் சொன்னான். சுக்கான் அசைந்தது. வலது எல்லையின் சிவப்பு மிதவை ஒன்று அருகே வந்தது. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சாம்பல் நிறச் சுவர் அவன் இடது தோளின் பக்கமாக நீண்டு, நீண்டு, முடிந்தது. மேற்றளத்தில் யாரோ கையுயர்த்தினர். கிர்ஸ்டனும் உயர்த்தினார். அவனால் முடியவில்லை, இரண்டு கைகளும் சுக்கானிலிருந்து பெயர மறுத்தன. கப்பல் விட்டுச் சென்ற அலை வந்து படகைத் தூக்கி இறக்கிற்று.

"இனி நிமிரலாம்," என்றார் கிர்ஸ்டன்.

முழங்கால் மடித்து, தலை தாழ்த்தி, கண்ணாடித் தடுப்பின் விளிம்புக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, குனிந்தபடியே ஓட்டியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று.

"இது பிழையா?"

"குனிந்து ஓட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எதிரே வருவது தெரிந்தால் போதும்." பென்சிலை அவர் மீண்டும் எடுக்கவில்லை.

இறங்குதுறையில் நின்று வீட்டுக்கு அழைத்தான்.

"என்ன?" என்றாள் நிறோஷினி.

"எமிலியாவின்ர பையை அவிழ்க்காதேயும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு அவள் குரல், வழக்கமான கடுமையோடு வந்தது:

"சரி, உங்கட பையை ஆர் கட்டுறது?"