சொல்லிக்கொண்டு போன திருட்டு

1

“பெட்டகத்தத் தொறந்தாச்சு, போலீசு படியேறி வருது, இவன் உக்காந்து அழறான்! ஓடுறா!”

“அழட்டும் அண்ணா. அந்த அழுகைக்குத்தான் படமே.”

“கால் மணி நேரமா அம்மிணி?”

தமிழ் பேசும் ஒரு கொரியக் கொள்ளைப் படத்துக்காக ஈஸ்வரும் தங்கை ஸ்ரீதேவியும் போட்ட சண்டை இது. பள்ளிபாளையத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கதை எனக்கு அங்கேதான் கிடைத்தது. மீதியைப் பிற்பாடு ஸ்ரீதேவியே சொன்னாள். சொல்லாததை நான் போட்டு நிரப்பினேன்.

2

மதியம் இரண்டே முக்கால். ஸ்ரீதேவியின் கை மெல்ல—

வேண்டாம். எதைத் திருடுகிறாள் என்றே தெரியாமல் நீங்கள் ஏன் பதற வேண்டும்?

தன் ஜாதகத்தை. அப்பா கைலாசம் அதைக் கல்யாணத் தரகர் சின்னண்ணனிடம் கொடுத்துவிட்டார். நாலு மணிக்கு அது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது; பொருந்தினால் இன்றே பேச்சு முடிந்துவிடும். ‘வேண்டாம்’ என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள், யார் காதிலும் விழவில்லை. இருப்பதோ ஒரே நோட்டு. ஜெராக்ஸ் எடுத்தால் ராசி போய்விடும் என்று கைலாசம் நகல் எடுத்ததே இல்லை.

3

சின்னண்ணன் தன் வீட்டுக் கட்டிலில் தூங்குகிறார். தலைக்கு மேலே ஆணியில் மஞ்சள் பை. தெருவெல்லாம் தறிச் சத்தம். யானை நடந்தாலும் கேட்காது. பச்சை அட்டை நோட்டை உருவினாள். இல்லை, அது அடுத்த தெரு தனப்பிரியாவுடையது.

(கொரியக்காரர் இந்த இடத்தில் மழையைப் பெய்யவிட்டு, இவள் பிறந்த கதையைப் பத்து நிமிடம் காட்டுவார். எனக்கும் ஆசைதான். ஆனால் பெரியவர் புரண்டு படுக்கிறாரே!)

கிடைத்தது. இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலுக்கு ஏழே அடி.

கரண்ட் போனது. அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நின்றன.

அந்த நிசப்தத்தில் நிலைப்படியைத் தாண்டியவள், எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் சொல்வதைச் சொல்லித் தொலைத்தாள்:

“போய்ட்டு வாரேனுங்க.”

(கொள்ளைக்காரி சொல்லிக்கொண்டா கிளம்புவாள்? இந்த வரியை மூன்று தடவை கோடு போட்டு அடித்தேன். அடித்தால் அவள் வாசலை விட்டு நகர மறுக்கிறாள்.)

கட்டிலிலிருந்து, மூடிய கண் மூடியபடி, பதில் வந்தது:

“சரி சாமி. பாத்துப் போ.”

4

முடிவு ஒன்று: அவர் எழுந்து கத்துகிறார், ஊர் கூடுகிறது, ஸ்ரீதேவி அவர் காலில் விழுந்து கதற— சீ, வேண்டாம்.

முடிவு இரண்டு: தூக்கத்தில் வாய்ப்பழக்கமாகச் சொன்னார்.

முடிவு மூன்று: அவர் தூங்கவே—

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நாலு மணிக்குப் பை ஃபேர்லேண்ட்ஸ் போனது. பொருந்தியது தனப்பிரியாவின் ஜாதகம். கல்யாணமாகி அங்கேயே குடிபோய்விட்டாள். ஜாதகம் காணாமல் போனதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு கைலாசம் இறங்கி வந்தார். தையில் ஸ்ரீதேவி தன் இஷ்டப்படி ஆனந்தகுமாரைக் கட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டுக்குப் போனாள்.

அந்தக் கல்யாணத்துக்குச் சின்னண்ணனும் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு மேடையேறி, பெண்ணுக்கு நேரே நின்று, கண்களை இறுக மூடிக்கொண்டு சொன்னார்: “போய்ட்டு வாரேன் சாமி.”

வீடியோக்காரன் லைட்டு கூசியிருக்கும் என்கிறான் ஈஸ்வர்.

ஸ்ரீதேவி அழுதாள். கால் மணி நேரம். வெட்டுவதா விடுவதா, நீங்களே சொல்லுங்கள்.