ஒரு கிலோ உப்பைத் தூக்கும் மோட்டார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பாண்டிச்சேரியில் ஒரு ரிமோட் பொம்மைக் கடையில் பிறந்தது. ஹெலிகாப்டருக்கு மோட்டார் கேட்டேன். "என்ன தூக்கணும் சார்?" என்றார் கடைக்காரர். எனக்கு எதையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. அசடு வழிந்தபடி மரக்காணத்துக்கு பஸ் ஏறி, பாதி வழி தாண்டுவதற்குள் தௌபீக்கை உருவாக்கினேன். அவனுக்காவது தூக்க ஏதாவது இருக்கட்டும்.

2

அந்திச் சூரியன் உப்பளத்தின் மேல் பொன்னை உருக்கி— (வேண்டாம். உப்பளம் என்றால் எல்லோரும் இந்தச் சூரியனைத்தான் பிடித்து இழுக்கிறார்கள்.)

தௌபீக் துபாயிலிருந்து லீவில் வந்தவன். திரும்பிப் போக மனமில்லை. உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு ஹெலிகாப்டரில் பிரியாணி இறக்கிப் பிழைக்கப்போகிறானாம். (ட்ரோன் வாங்கலாமே என்கிறீர்கள். அவனிடம் இருப்பது ஹெலிகாப்டர். அதிலும் மோட்டார் கருகிப்போனது.)

மாமனார் நிஜாமுதீன் உப்பு வியாபாரி. அவர் நிபந்தனை போட்டார்.

"பிரியாணி கெடக்கட்டும் மாப்ள. ஒரு கிலோ உப்பத் தூக்கிக்கினு பாத்தியெல்லாம் தாண்டி அந்தக் கரைக்குப் போயிட்டு வரட்டும். வந்துடுச்சுன்னா நீங்க இங்கயே இருங்க. இல்லன்னா ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டு."

3

சின்ன மோட்டார் போட்டு எழுதினேன். பாட்டரி நெடுநேரம் நின்றது. ஹெலிகாப்டரும் தரையிலேயே நின்றது. பெரிய மோட்டார் போட்டேன். ஜம்மென்று தூக்கிப் போய், திரும்பும் வழியில் பாட்டரி தீர்ந்து உப்புத் தண்ணீரில் விழுந்தது. கே.வி.* குறைந்த இன்னொன்றைப் போட்டதும்

(இந்த வரி எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியவில்லை.)

* ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதுதான் கே.வி. நான் கிலோவோல்ட் என்று நினைத்து எழுதியதில், முதல் வடிவத்தில் மின்வாரிய ஊழியர் ஒருவர் வந்து போனார்.

தௌபீக்குக்கு என்மேல் கோபம். "ஏண்ணா, ஒவ்வொரு வாட்டியும் என்னியே தண்ணியில எறக்குற? காலெல்லாம் எரியுது!"

4

அவன் மனைவி ஜுவைரியாவுக்கு நான் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. அவளே உள்ளே வந்தாள்.

"பெருநாளுக்குக்கூட எனக்கு வீடியோ காலுதாண்ணா. ஒரு மோட்டார முடிவு பண்ண ஒங்களுக்கு இவ்ளோ நேரமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹெலிகாப்டரில் கட்ட வைத்திருந்த ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரித்தாள். பாதி உப்பைச் சமையலறை ஜாடியில் கொட்டி, தலையணைப் பஞ்சைத் திணித்து, மறுபடி கட்டிவிட்டாள். (சத்தியமாக இது நான் எழுதியதல்ல.)

5

சனிக்கிழமை. கரையில் எல்லோரும் கூடியாயிற்று. எந்த உப்பைக் கண்டாலும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது நிஜாமுதீனின் பழக்கம். தராசு தப்பினாலும் அவர் கை தப்பாது. பொட்டலத்தை வாங்கினார். ஏந்திப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்தாள்.

"கரெக்டா ஒரு கிலோ இருக்குது. கட்டுங்க மாப்ள."

இந்த மனிதரை வில்லனாக அல்லவா வைத்திருந்தேன்!

மோட்டார்? இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. என் மோட்டார் அறிவைத்தான் பார்த்துவிட்டீர்களே. நீங்களே ஒன்றைப் பொருத்தி, இந்த ரிமோட்டையும் பிடியுங்கள். பயப்படாதீர்கள். நிஜாமுதீன் வேட்டியை மடித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டார்.

"அந்தக் கரை வரைக்கும்லாம் எதுக்கு மாப்ள? இந்த வரப்பு போதும். இல்ல இல்ல, நான் நிக்கிற எடம் வரைக்கும் வந்தா போதும்."