எண்ணி முடித்த வாக்குகள்

அந்த இத்தாலிய நகரத்தின் கபோப் பகுதியில் அன்றும் விடியற்காலையில் மழை. சந்து வடிகால் அடைபட்டு, கழிவுநீர் யோகாம்பாளின் வீட்டுக்குள் ஏறிவிட்டது. வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு, முழங்கால் வலியோடு கால்சாப் பகுதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இருபது வருடமாகப் பிறர் வீட்டுத் தரையைத் துடைப்பவளுக்குத் தன் வீட்டுத் தரை மட்டும் காய்ந்தபாடில்லை.

குடியுரிமை கிடைத்தபின் வந்த மூன்று தேர்தலிலும் அவள் ஒரே கட்சிக்குத்தான் வாக்களித்தாள். தமிழ்ச் சங்கத் தலைவர் ஞானசேகரம் எதற்கென்று சொல்வார், தமிழர் எல்லோரும் போடுவார்கள். கட்சி ஒவ்வொரு முறையும் வென்றது. வடிகால் அப்படியே கிடந்தது.

வேலை வீட்டு அம்மா, அவள் சின்யோறா என்று கூப்பிடுகிறவள், ஓய்வுபெற்ற அமெரிக்க ஆசிரியை. வடிகால் விஷயத்தைக் கேட்டதும் பெருமூச்சு விட்டாள். தன் ஊரிலும் மூன்று தலைமுறை ஒரே கட்சிக்குத்தான் போட்டதாம். ஊருக்கே சோறு போட்ட ஆலை மூடியபோது அந்தக் கட்சியும் எட்டிப்பார்க்கவில்லை; எப்படியும் கிடைக்காத வாக்கு என்று மற்றக் கட்சியும் வரவில்லை. பிறகு பாதிப்பேர் அணி மாறினார்கள். அடுத்த தேர்தலில் இரண்டு கட்சியும் கதவைத் தட்டின.

"ஆலை திறந்ததா?"

"இல்லை. ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அன்றுதான் முதல்முறை கேட்டார்கள்."

மாலையில் யோகாம்பாள் கட்சி அலுவலகத்துக்குப் போனாள். தமிழர் வாக்கு எப்போதும் உங்களுக்குத்தானே, வடிகாலைக் கவனியுங்கள் என்றாள். அங்கிருந்தவன் நிமிரவேயில்லை. "தமிழர் வாக்கா? ஞானசேகரம் ஏற்கெனவே தந்துவிட்டாரே!" அந்நேரம் பக்கத்துச் சந்துக் கடைக்காரர் இருவர் வந்தார்கள். போன முறை எதிர்க்கட்சிக்கு மாறியவர்கள். அவன் எழுந்து நாற்காலி போட்டான், கோப்பி வரவழைத்தான்.

ஞாயிறு சங்கக் கூட்டத்தில் யோகாம்பாள் எழுந்து நின்றாள்.

"அண்ணை, இந்தமுறை எங்கட வாக்கை ஆருக்கும் முதலே குடுக்காதேங்கோ. ரண்டு பக்கத்தையும் இஞ்சை கூப்பிடுங்கோ. வடிகாலைப் பற்றிக் கேப்பம்."

"மற்றக் கட்சிக்காரரை எங்களுக்குப் பிடிக்காதே, தங்கச்சி."

"எனக்கும் பிடிக்காது. எண்டாலும் கூப்பிடுங்கோ."

ஞானசேகரம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஓம், நானும் களைச்சுப்போனன். உங்களைக் கேக்காமலே உங்கட வாக்கைக் குடுத்துக்கொண்டு திரிஞ்சிட்டன்."

"உங்களிலை மட்டும் பிழையில்லை, அண்ணை," என்றாள் அவள். "எங்கை போடுவம் எண்டு முதலே தெரிஞ்சால் ஒரு கட்சியும் எங்களை மதிக்காது. வாக்கு, கட்சிக்கு விசுவாசம் காட்டுறதுக்கில்லை. அவையளை எங்களுக்குப் பதில் சொல்ல வைக்கிறதுக்கு."