முழுங்கா சார்

பக்கவாதம் வந்த முப்பத்தெட்டாம் நாள், தலைமையாசிரியரின் தாடைக்குக் கீழே, விழுங்கப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் பெண் மூன்று ஸ்டிக்கர்களை ஒட்டினாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஒயர் கணினிக்குப் போனது. விழுங்கும்போது தசை வேலை செய்தால் திரையில் ஓடும் கோடு எழும்பும். இல்லையென்றால் படுத்துக் கிடக்கும். எழும்பினால், சாப்பாடு போகும் மூக்குக் குழாயை எடுத்துவிடலாம் என்று அவள் சொன்னதை நம்பி, மனைவி ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தாள்.

பெரிய டாக்டர் வந்தார். பின்னால் ஆறு பயிற்சி டாக்டர்கள், அவர் தும்மினாலும் குறித்துக்கொள்ளும் தயார் நிலையில். பெரிய மனிதர்கள் ஒரு சொல்லை முழுசாகச் சொல்வதில்லை. கடைசி எழுத்துகளைத் தங்கள் உபயோகத்துக்கு வைத்துக்கொள்வார்கள்.

"எச்சில முழுங்..." என்றார்.

கோடு குபீரென்று எழும்பியது.

"பாத்தீங்...? நான் சொன்ன உட..." என்று பின்னால் திரும்பினார். மறுபடி எழும்பியது. "எல்லாம் நான் மாத்தின மருந்தோட வேல..." மறுபடியும். ஆறு பேனாக்களும் ஓடின. "குழாய எடுத்துட்டு டீ குடு..."

மனைவி கோட்டைப் பார்க்கவில்லை. பேச்சும் போய்விட்ட கணவரின் உதடுகளைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடமாக அவளுக்குத் தெரிந்த அசைவு. வகுப்பில் எந்தப் பிள்ளை சொல்லின் வாலை விட்டாலும் மேசையைத் தட்டி, "முழுங்காம சொல்லு!" என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே 'முழுங்கா சார்'. கல்யாணமான மறுநாள், "டீ வேணு..." என்று இவள் இழுத்ததற்கும் அதே திருத்தம்தான்.

இதைச் சொல்லாமல் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குழாய் போய்விடும். ஃபிளாஸ்க் மூடியைப் பாதி திருகிவிட்டாள். ஆனால் விழுங்காத தொண்டையில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும் என்று தெரபிஸ்ட் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"டாக்டர், அவரு முழுங்கல," என்றாள். "உங்களத் திருத்துறாரு."

"என்னம்மா உளறு...?"

கோடு எழும்பியது. பயிற்சி டாக்டர் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். பெரிய டாக்டருக்கு அடுத்த வார்டில் அவசர வேலை நினைவுக்கு வந்தது. ஆறு பேரும் அவசரமாக அவர் பின்னால் போனார்கள்.

"நாக்க அசைச்சாலும் அந்தத் தசை வேலை செய்யும்மா. நான் கவனிச்சிருக்கணும்," என்றாள் தெரபிஸ்ட். விழுங்கினால் மேலேறும் அவரது தொண்டைக் குமிழில் விரல் வைத்தாள். "சார், நான் முழுசாவே சொல்றேன். எச்சிலை முழுங்குங்க."

கோடு லேசாக நடுங்கிப் படுத்துவிட்டது. விரலுக்கடியில் குமிழ் ஏறவில்லை.

"இன்னொரு தடவ சார்."

கண்களை இறுக மூடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது.

"குழாய் இருக்கட்டும்மா. அடுத்த மாசம் பாக்கலாம்."

காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் கணவர் அவளைப் பார்த்தார். அவள் ஃபிளாஸ்க்கை இறுக மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அவர் வாயைத் துடைத்தாள்.

"அடுத்த மாசம் நாம ரெண்டு பேருமா டீ குடிக்க..."

முடிக்க முடியவில்லை. மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. திருத்துவார் என்று அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு படுத்தே கிடந்தது.