க்ரோவிக் குடாவின் மூன்று டிகிரி

ஒலீனா பொறாமைப்பட்டால் க்ரோவிக் குடாவில் தண்ணீர் மூன்று டிகிரி சூடாகும். 1924 ஏப்ரலில் இதை முதலில் கவனித்தவர் அவள் வீட்டுக்கு அடுத்த படகுக்கொட்டகைக்காரர் கொன்ராட். கம்பளிக் கையுறையை அலசக் கடலில் கைவைத்தவருக்கு விரல் மரத்துப்போகவில்லை. மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய் வெப்பமானியை எடுத்துவந்தார். ஆறு டிகிரி காட்டியது. பக்கத்துக் குடாவில் மூன்றுதான்.

அதற்கு முந்தைய நாள்தான் லோஃபோட்டன் மீன்பிடித் தீவுகளிலிருந்து படகு திரும்பியிருந்தது. ஜனவரியில் மீன்பிடிக்கப் போகும் ஆண்கள் ஏப்ரலில் திரும்பும்போது பெண்டாட்டிக்கு ஒரு பட்டுத் தலைக்குட்டை வாங்கி வருவது வழக்கம். அடுத்த ஞாயிறு அதைக் கட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவது அதைவிடப் பெரிய வழக்கம். எல்லிங் தன் மனைவி யென்சினாவுக்கு நீலக் கரை வைத்த சிவப்புக் குட்டை கொண்டுவந்தான். அதே படகில் அதே வேலை செய்த ஸெவெரின், தன் மனைவி ஒலீனாவுக்கு ஓர் இரும்புப் பானை கொண்டுவந்தான். நல்ல பானை. பழையது ஒழுகுகிறது என்று டிசம்பரில் அவளே சொல்லியிருந்தாள்.

"பானை எப்படி?" என்று ஸெவெரின் கேட்டான்.

"தலையில கவுத்துக்கிட்டா அளவாத்தான் இருக்கும்" என்றாள் ஒலீனா.

ஞாயிறு அவள் யென்சினாவுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசங்கத்தில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. முன்னால் அந்தச் சிவப்பு முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்து இரண்டு முறை கட்டப்பட்டது. அவிழ வேண்டிய அவசியமே இல்லை என்பது ஒலீனாவுக்குத் தெரிந்தது. விலா எலும்புக்குக் கீழே ஏதோ கனன்றது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது கரையோரப் பாறைகளில் ஒட்டியிருந்த பனி உருகிப் போயிருந்தது. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அடுத்த ஆண்டு ஸெவெரின் விளக்கு கொண்டுவந்தான். அதற்கடுத்த ஆண்டு வெண்ணெய் கடையும் இயந்திரம். இரண்டும் தேவையான பொருட்கள். இரண்டு ஏப்ரலிலும் தண்ணீர் ஆறு டிகிரிக்கு ஏறி மே நடுவில் இறங்கியது.

அந்தக் குடாவில் காட் மீன் மார்ச்சில் முட்டையிடும். முட்டைகள் மிதந்து ஏப்ரலில் பொரியும். குஞ்சு ஒரு வாரம் தன் வயிற்றில் உள்ள மஞ்சள் கருவில் வாழும். அது தீர்ந்த சில நாட்களுக்குள் வாய்க்கு ஏதாவது கிடைக்க வேண்டும். கிடைப்பது ஒன்றே ஒன்று, சிவப்புத் தூசி என்று ஊரார் சொல்லும் நுண்ணிய உயிர்களின் குட்டிகள். அவையும் வெயில் பட்டுத் தண்ணீரில் பாசி பச்சை பிடித்த பிறகே வரும். இவ்வளவும் கூடிவந்தாலும் குளிர்ந்த நீரில் குஞ்சு வளர நாளாகும். வளராத குஞ்சு நெத்திலியளவு மீனின் வாய்க்குள்ளும் போகும். க்ரோவிக் குஞ்சுகளோ ஒலீனாவின் சூட்டில் மே நடுவுக்குள் ஹெர்ரிங் மீனின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்துவிட்டன. 1927இல் அவை பெரிய மீனாகத் திரும்பின. தூண்டில் கயிறு கீழே இறங்க இடமில்லாமல் நின்றன.

அந்த வசந்தத்தில் ஜெபக்கூடத்தில் ஊர் கூடியது. ஒலீனாவை மட்டும் அழைக்கவில்லை. கொன்ராட் நான்கு ஆண்டு வெப்பக் கணக்கை வாசித்துவிட்டு ஸெவெரினைப் பார்த்தார்.

"இந்தத் தடவ என்னப்பா வாங்கியாந்த?"

"குட்டை" என்றான் ஸெவெரின். "பச்சை. அவளுக்குப் பச்சை புடிக்கும்."

"குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"குடுத்துராதப்பா" என்றார் கொன்ராட். "ஒரு வருஷம் பொறுத்துக்க."

அன்று மாலை ஒலீனாவுக்கு ஒரு மண்வெட்டி கிடைத்தது. ஒரு வருஷம் என்றது ஏழு ஆனது. ஒவ்வோர் ஆண்டும் வாங்காமல் இருக்க அவனால் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. 1929இல் புயலில் பாய்மரம் முறிந்து படகு மார்ச் முதல் வாரமே திரும்பிவிட, எல்லிங் அவசரப்பட்டுக் குட்டையைக் கொடுத்துவிட்டான். தண்ணீர் அன்றே சூடாயிற்று, முட்டைகள் முன்கூட்டிப் பொரிந்தன, நீரில் பச்சை இல்லை, குஞ்சுகள் பட்டினியில் போயின. அதற்குப் பிறகு யென்சினாவின் குட்டை கொன்ராட்டின் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டது. அவர் கண்ணாடி ஜாடியில் தினமும் நீரை மொண்டு பார்த்து, சிவப்புத் தூசி தெரிந்த அன்றுதான் கொடுப்பார்.

"எம் புருஷன் எனக்கு வாங்கினத நான் எப்பக் கட்டணும்னு இவரு ஜாடியில பாத்துச் சொல்லணுமாக்கும்" என்று யென்சினா புலம்பினாள். ஆனாலும் சொன்ன நாளில்தான் கட்டினாள்.

தண்ணீர் தன்னால்தான் சூடாகிறது என்பது ஒலீனாவுக்குத் தெரியும். தன் வயிற்றெரிச்சல் ஊருக்கே வெப்பமானியில் தெரிகிறதே என்ற வெட்கத்தில் ஏப்ரல் முழுக்க அவள் கரைப்பக்கம் போகமாட்டாள். பொறாமை தீர வேண்டும் என்று ஜெபித்தாள். தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் கணவனுக்குத் தன் தலை கண்ணில் படுவதில்லை என்று நம்பினாள். 1933 அக்டோபரில் தார்க்கயிறு தேடிப் படகுக்கொட்டகைப் பரணில் ஏறியவள் ஒரு பெட்டியோடு இறங்கினாள். ஸெவெரின் கீழே வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான்."

"ஏழுமா?"

"ஏழும்."

"எனக்குன்னா ஏன் பெட்டியில கெடக்கு?"

அவன் சொன்னான். ஜெபக்கூடத்திலிருந்து தொடங்கி எதையும் விடாமல் சொன்னான்.

"யென்சினாவுக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

"நகக்கண்ணளவு மீனு, அது என்னவிட ஒசத்தியாப் போச்சா ஒனக்கு?"

"மீனு இல்லாட்டி என்ன திம்ப?"

"வருஷா வருஷம் வாங்கியாந்தியே, பானையத் திம்பேன், மண்வெட்டியத் திம்பேன்."

அன்றிலிருந்து அவள் மீன்குஞ்சுகள் மீது பொறாமைப்பட்டாள். யென்சினா மீது வந்த பொறாமைக்கு நாள் கிழமை இருந்தது. இதற்கு இல்லை. ஏழு வருஷம் அவன் மனதில் தனக்கு முன்னால் நின்றவை அவை. ஊரே எட்டிப் பார்த்துக் கவலைப்பட்டதும் அவற்றுக்காகத்தான். பெட்டியை அவள் தொடவில்லை. ஜனவரியில் ஸெவெரின் லோஃபோட்டனுக்குப் போனபோது கரைக்கு வரவில்லை. நவம்பர் முதல் தண்ணீர் குளிர்காலத்திலும் இறங்காமல் ஏழு டிகிரியில் நின்றது. பாதி மீன்கள் ஜனவரியிலேயே முட்டையிட்டன. மலைக்கு மேல் சூரியன் தலைகாட்டத் தொடங்கிய பிப்ரவரியில் குஞ்சுகள் பொரிந்தன.

ஒரு நண்பகல் கொன்ராட் ஜாடியோடு வந்து அவளுடைய சமையல் மேசையில் வைத்தார்.

"திட்ட வரல. பாரு."

பார்த்தாள். கண்ணாடி மயிர்போல உடம்பு, அதில் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். இத்தனை நாள் பொறாமைப்பட்டவற்றை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. மஞ்சள் கரு தீர்ந்து வயிறு ஒட்டியிருந்தது. ஒன்று வாயைத் திறந்து மூடியது. எதுவும் கிடைக்கவில்லை. நகர்ந்து போய் மறுபடி திறந்தது. அதற்கு யாரும் எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. கொன்ராட் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் பாதி அடியில் படிந்துவிட்டன.

அவள் பெட்டியைத் திறந்து பச்சைக் குட்டையை எடுத்து, ஆளில்லாத வீட்டில், கண்ணாடி முன் நின்று கட்டிக்கொண்டாள். பச்சை அவளுக்கு நன்றாகவே இருந்தது. குடா மூன்று டிகிரிக்கு இறங்கியது. இன்னும் முட்டையிடாத மீன்கள் மார்ச்சுக்குக் காத்திருந்தன.

ஏப்ரலில் ஆண்கள் திரும்பியபோது கொன்ராட்டின் ஜாடி அவளிடம் இருந்தது. அவரும் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லிங் வாங்கிவந்த குட்டையை அலமாரியில் பூட்ட விடாமல் அன்றே யென்சினாவிடம் கொடுக்க வைத்தாள். ஸெவெரின் வாங்கிவந்த எட்டாவதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நாளு நான்தான் சொல்வேன்" என்றாள். "எங்கிட்ட இனிமே யாரும் எதையும் மறைக்கப்படாது."

இருபத்திரண்டாம் தேதி ஜாடியில் பச்சை தெரிந்தது, அதற்குள் சிவப்புத் தூசி துடித்தது. ஒலீனா குட்டையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு தேவாலயத்துக்குப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அவள் முன்னால் குனிந்தாள்.

"யென்சினா, முடிச்சக் கொஞ்சம் ஏத்திக் கட்டுடி. எனக்கு நல்லாத் தெரியணும்."

யென்சினா ஏற்றிக் கட்டினாள். அந்த ஏழு வருஷமும் ஒலீனாவின் நினைவில் வரிசையாக வந்தது. விலாவுக்குக் கீழே கனல் எழுந்தது. இம்முறை அவள் அதை அடக்க ஜெபிக்கவில்லை.

பிற்பாடு நகரத்திலிருந்து கடலை அளக்கும் அலுவலர்கள் கப்பலில் வந்தார்கள். வரைபடத்தில் க்ரோவிக்கை மட்டும் வேறு நிறத்தில் தீட்டிக் காரணம் கேட்டார்கள். ஊரார் ஒலீனாவின் வீட்டைக் காட்டினார்கள். அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். ஆண்டுக்கு மூன்று வாரம் அவள் வெறுந்தலையோடு இருந்தாள், அந்த மூன்று வாரமும் யாரும் அவளைச் சமாதானப்படுத்த முயலவில்லை. மே பதினைந்துக்குப் பிறகு அவளை வெறுந்தலையோடு பார்த்தவர்கள் யாரும் இல்லை.